சாப்பிடப் போகிற வண்டி

எங்கள் டெப்போவுக்குச் சமீபத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. "வேலை நேரத்திலும் இடைவேளையிலும் நிறுவன வாகனத்தைச் சொந்த உபயோகத்துக்கு எடுப்பது முற்றிலும் தடை செய்யப்படுகிறது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்." அவ்வளவுதான், இரண்டே வரி. காலையில் வண்டிகள் கிளம்பும் முன் டிரைவர்களிடம் அதை வாசித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு. நான் ரூட் போடுகிறவள். எந்த வண்டி எந்தப் பகுதிக்கு, எத்தனை பார்சல், எந்த வரிசையில் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு மாலை வரை திரையில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

வாசித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: "அக்கா, சாப்பிடப் போறது சொந்த வேலையா, கம்பெனி வேலையா?"

கேலிக்காகக் கேட்கவில்லை. பல வருடமாக வேன் ஓட்டுகிறவர், விதியை மீறக் கூடாது என்று நினைக்கிறவர், அதனால் கேட்டார். அந்தத் தாளில் பதில் இல்லை. எழுதியவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்றே தோன்றியிருக்காது. அதன் பிறகு கிடைத்த நேரத்தில் எல்லாம் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததையும், இத்தனை வருடம் திரையில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆபீஸில் இடைவேளை என்றால் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும். கழிவறை அதே மாடியில், குடிதண்ணீர் மூலையில், சாப்பாட்டு மேசை பக்கத்து அறையில். வேன் டிரைவருக்கு இடைவேளை நேரம் வரும்போது அவர் எங்கே இருப்பார் என்பது அவர் கையில் இல்லை. கடைசியாகக் கொடுத்த பார்சல் எந்தத் தெருவில் முடிந்ததோ அங்கே இருப்பார். அது வீடுகள் மட்டுமே இருக்கிற தெருவாக இருக்கலாம். ஒரு கடைகூடக் கண்ணில் படாத தொழிற்பேட்டையாக இருக்கலாம். வண்டி நிறுத்த இடம் இருக்காது. இருந்தாலும் ரொம்ப நேரம் நிற்க விடமாட்டார்கள். சரி, எங்காவது ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போகலாம் என்றால் வண்டி நிறையப் பார்சல் இருக்கிறது. ஆளில்லாமல் நின்ற வண்டியிலிருந்து சரக்கு திருடுபோனால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, வண்டி எங்கே நின்றது, பூட்டியிருந்ததா, டிரைவர் எங்கே போயிருந்தார் என்பதைத்தான். ஆக வண்டியை விட்டுவிட்டும் போகக் கூடாது, வண்டியோடும் போகக் கூடாது. அந்த இரண்டு வரிச் சுற்றறிக்கையின்படி அவர் என்ன செய்யலாம்? இருந்த இடத்திலேயே ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். அது மட்டும்தான் மிச்சம்.

அப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் திரும்பி வந்த பார்சல்கள் இருக்கும், அதனால் டப்பாவை மடியில் வைத்துக்கொள்வார்கள். மூடியை வைக்க இடமில்லாமல் டேஷ்போர்டில் சாய்த்து வைத்திருப்பார்கள். ஸ்கேனர் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், இடைவேளை என்று அதற்குத் தெரியாது. வெயில் கண்ணாடி வழியாக நேராக முகத்தில் அடிக்கும். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டால் என் திரையில் மஞ்சள் புள்ளியாகி, அதற்கும் ஒரு கணக்கு மேலே போகும்.

அந்தத் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடுகிற வண்டி பச்சை. நிற்கிற வண்டி சிவப்பு. இன்ஜின் ஓடியபடி நின்றால் மஞ்சள். போட்டுக் கொடுத்த பாதையை விட்டு விலகினால் வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் மின்னும். மாலையில் அறிக்கை தானாகவே தயாராகி மேலிடத்துக்குப் போய்விடும். வண்டி எண், விலகிய தூரம், நின்ற இடம், நின்ற நேரம் எல்லாம் இருக்கும். எதற்காக நின்றார் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. படிக்கிறவர் தன் மனதில் இருக்கிற காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வார்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பார்சலைக்கூடத் தவறான வீட்டில் கொடுத்தார் என்று புகார் வந்ததில்லை. அறிக்கையில் தினமும் முற்பகலில் ஒரே இடத்தில், ரூட்டை விட்டு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி, பத்து நிமிடம் நின்றதாக வந்துகொண்டிருந்தது. "வழக்கமாகச் சொந்த வேலைக்கு வண்டியைப் பயன்படுத்துகிறார்" என்று எழுதினார்கள். விளக்கம் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு "இனிமேல் போகமாட்டேன் சார்" என்று மட்டும் சொன்னார். ஆனால் மறுபடியும் போனார். வேலை போயிற்று.

அவர் போன இடம் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே கழிவறை சுத்தமாக இருக்கும், பூட்டி வைக்க மாட்டார்கள். அவருக்குச் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலே அடிக்கடி சிறுநீர் வரும். போதாததற்கு, கூடுதலான சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிற மாத்திரை வகை ஒன்று இருக்கிறது, அதைச் சாப்பிட்டால் இன்னும் அதிகம். அவர் அந்த மாத்திரையில்தான் இருந்தார். இதெல்லாம் வேலை போன பிறகு, கணக்கு முடிக்க வந்தபோது என்னிடம் சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை அண்ணே என்று கேட்டேன். "அந்தப் பையன் முன்னாடி நின்னு இதை எப்படிம்மா சொல்றது?" என்றார். மேலாளருக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். அந்த வயதில் ஒரு மனிதர் தன் உடம்பைப் பற்றி அப்படி ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும் என்கிற நிலைமையே தப்பு.

பெண் டிரைவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். எங்களிடம் இப்போது ஓட்டுகிற ஒரு பெண், காலையில் வண்டி எடுத்தால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. பழகிவிட்டது என்கிறாள். மாதவிடாய் நாட்களில் தனக்குத் தெரிந்த ஒரே ஒரு நல்ல கழிவறைக்காக ரூட்டின் வரிசையையே மாற்றிக் கேட்பாள். நான் மாற்றிக் கொடுப்பேன். எல்லா டெப்போவிலும் ரூட் போடுகிறவர் பெண்ணாக இருப்பார் என்று சொல்ல முடியாதே.

இது உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினைதான். நியூயார்க் நகரம் 2021இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: உணவு எடுத்துப் போக வருகிற டெலிவரி ஊழியர்களை உணவகங்கள் தங்கள் கழிவறையைப் பயன்படுத்த விட வேண்டும் என்று. ஒரு நகரசபை உட்கார்ந்து சட்டம் போட்டுத்தான் ஒருவரை ஒன்றுக்குப் போக விட வேண்டியிருக்கிறது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். டிரைவர் வண்டியைத் தன் வேலையாகத் திருப்பிக்கொண்டு போகும்போது விபத்து நடந்தால் யார் பொறுப்பு? வேனும் லாரியும் வருவதற்கு முன்பே, குதிரை வண்டிக் காலத்திலேயே இந்தக் கேள்வி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. 1834இல் லண்டனில் ஜோயல் எதிர் மாரிசன் என்று ஒரு வழக்கு. பிஷப்ஸ்கேட் தெருவைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் மேல் குதிரை வண்டி மோதிவிட்டது. வண்டிக்காரன் அந்தப் பக்கம் வர வேண்டியவனே இல்லை, நண்பனைப் பார்க்க வழி விலகியிருக்கலாம் என்று முதலாளி தரப்பு சொன்னது. நீதிபதி பார்க் சொன்னதன் சாரம் இது: முதலாளியின் வேலையாகப் போகிறவன் நடுவில் கொஞ்சம் வழி விலகினாலும் முதலாளியே பொறுப்பு. முதலாளியின் வேலையே இல்லாமல், முழுக்கத் தன் பாட்டுக்குத் திரியப் போனால்தான் முதலாளி பொறுப்பல்ல. 1869இல் ஸ்டோரி எதிர் ஆஷ்டன் வழக்கில் முடிவு மறுபக்கம் போனது. ஒயின் வியாபாரியின் வண்டி சரக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கூட வந்த எழுத்தர் தன் சொந்தக் காரியத்துக்காக வேறு திசையில் திருப்பச் சொன்னார். அந்த வழியில் விபத்து. இது விலகல் அல்ல, புதிதாகத் தொடங்கிய வேறு பயணம் என்று சொல்லி முதலாளியை விட்டுவிட்டார்கள்.

விலகலா, வேறு பயணமா? பிரிட்டிஷ் சட்ட மரபு போய்ச் சேர்ந்த நாடுகளில் எல்லாம் நீதிபதிகள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். இடைவேளை விஷயத்தில் எனக்கு மிகவும் உதவியது இங்கிலாந்தில் அடுத்தடுத்து வந்த இரண்டு வழக்குகள்.

முதலாவது 1958, ஹார்வி எதிர் ஓடெல். வெளியூரில் ஒரு பழுதுபார்க்கும் வேலைக்குப் போன தொழிலாளி, சைட்கார் இணைத்த மோட்டார் சைக்கிளில் சக தொழிலாளியையும் ஏற்றிக்கொண்டு சில மைல் தள்ளியிருந்த ஊருக்குப் போகிறார். வேலைக்குத் தேவையான சாமான் வாங்க வேண்டும், சாப்பிடவும் வேண்டும். திரும்பும் வழியில் விபத்து. அந்தப் பயணம் வேலையைச் சேர்ந்ததுதான் என்று கோர்ட் சொன்னது.

இரண்டாவது 1961, ஹில்டன் எதிர் தாமஸ் பர்ட்டன். கட்டடம் இடிக்கிற வேலைக்குப் போன ஆட்கள். கம்பெனி வேனை நியாயமான தேவைக்கு எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இருந்தது. அன்றைக்குச் செய்த வேலை போதும் என்று முடிவு செய்து, ஏழெட்டு மைல் தள்ளியிருந்த ஒரு கடைக்குத் தேநீர் குடிக்கக் கிளம்பினார்கள். கடையை நெருங்கும்போது நேரம் போதாது என்று தோன்ற, குடிக்காமலேயே வண்டியைத் திருப்பினார்கள். வழியில் விபத்து, ஹில்டன் இறந்துபோனார். மனைவி வழக்குப் போட்டார். கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்ப்பு. வேலை முடியும் நேரம் வரை பொழுதைப் போக்கப் போனார்கள், அது வேலையைச் சேர்ந்த பயணம் இல்லை என்றார் நீதிபதி டிப்லாக்.

இந்த இரண்டாவது வழக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அதிலிருந்த அனுமதி. வண்டியை எடுக்க அனுமதி இருந்தது. ஆனாலும் கம்பெனி பொறுப்பில்லை. வண்டியை எடுத்துக்கொள் என்று வாயால் சொல்வது ஒன்று, அந்தப் பயணத்தில் ஏதாவது ஆனால் பின்னால் நிற்பது வேறு. எங்கள் தொழிலில் நடப்பது முதலாவது மட்டும்தான். "போயிட்டு சீக்கிரம் வா" என்று சூப்பர்வைசர் போனில் சொல்வார். நாளைக்கு அந்த ஐந்து நிமிடத்தில் பைக்கில் ஒருவர் வந்து மோதினால், அந்தச் சூப்பர்வைசருக்கு அந்தப் போன் நினைவிருக்குமா?

காப்பீட்டிலும் இதே கதை. ஒவ்வொரு வாகன பாலிசியிலும் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பகுதி இருக்கும். இந்த வண்டி எதற்காக, யார் ஓட்ட, எதை ஏற்ற என்று அதில் எழுதியிருப்பார்கள். சரக்கு வண்டிக்கான பாலிசியில், நிறுவனத்தின் தொழில் சம்பந்தப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், சொந்த வேலைக்குப் போன நேரத்து விபத்தை அவர்கள் கேள்வி கேட்பார்கள். பல நாடுகளில் அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலிக்க வருவார்கள். இதைத் தெரிந்து வைத்திருக்கிற டிரைவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பாலிசித் தாள் கணக்குப் பிரிவின் அலமாரியில் இருக்கிறது. வண்டியில் இருப்பது அதன் முதல் பக்க நகல் மட்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த விஷயத்தில் பல நிறுவனங்களைவிட வரி அதிகாரிகள் மனிதத்தன்மையோடு யோசித்திருக்கிறார்கள். கம்பெனி வண்டியைச் சொந்தமாக உபயோகித்தால் அதை ஒரு சலுகையாகக் கணக்கிட்டு வரி போடுவது வழக்கம். ஆனால் அமெரிக்க வரி விதிகளில், கணக்கிலேயே எடுக்க வேண்டாத சின்ன உபயோகத்துக்கு உதாரணமாக அவர்கள் எழுதியிருப்பது என்ன தெரியுமா? இரண்டு டெலிவரிகளுக்கு நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவது. பிரிட்டன் வரித்துறையின் வேன் வழிகாட்டுதலிலும் இதுபோல் உண்டு. வேலைக்குப் போகிற வழியில் செய்தித்தாள் வாங்கக் கொஞ்சம் வளைந்து போவது பரவாயில்லை. வீடு திரும்பும் வழியில் பல் மருத்துவரைப் பார்ப்பது பரவாயில்லை. பழைய மெத்தையை வருடத்தில் ஓரிரு முறை குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டு வருவதுகூடப் பரவாயில்லை. வாராவாரம் வீட்டுச் சாமான் வாங்க வேனை எடுப்பதும், ஒரு வாரம் விடுமுறைக்கு எடுத்துக்கொண்டு போவதும் கூடாது. படித்தவுடன் யாருக்கும் புரிகிற கோடு. இப்படி நாலு உதாரணம் எழுதியிருந்தால் எங்கள் சுற்றறிக்கையில் குழப்பமே வந்திருக்காது.

ஓட்டும் நேர விதிகளில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிப்படி, 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். அதை 15, 30 என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் ஓட்டவும் கூடாது, வேறு வேலையும் கூடாது, முழுக்க ஓய்வுக்கு மட்டும் என்று இடைவேளைக்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. சாப்பிடும் இடத்தைத் தேடிப் பத்து நிமிடம் ஓட்டிப்போய், பத்து நிமிடம் திரும்பி ஓட்டி வந்தால், அந்த இருபது நிமிடமும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறார்? அதை எப்படி ஓய்வில் சேர்ப்பது? அரை மணி இடைவேளையில் டிரைவர் உண்மையில் உட்கார்ந்தது பத்து நிமிடம் என்றால் பிற்பகலில் கண் சொருகத்தான் செய்யும். அமெரிக்காவில் பெரிய லாரிகளுக்கு 2018இல் வந்த வழிகாட்டுதல் வேறு பக்கமிருந்து யோசிக்கிறது. டிரைவரை வேலையிலிருந்து முழுமையாக விடுவித்துவிட்டால், சரக்கு ஏற்றிய வண்டியாக இருந்தாலும் தங்குமிடத்திலிருந்து சாப்பிடப் போவதைச் சொந்தப் பயணமாகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் வழியில் இருக்கிற ஓய்விடத்தை விட்டுவிட்டு, அடுத்த லோடு ஏற்றும் இடத்துக்கு நெருங்கிப் போக அதைச் சாக்காக வைக்கக் கூடாது. எங்கள் சின்ன வேன்களுக்கு இந்த இரண்டு விதிகளுமே பொருந்தாது. ஆனாலும் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்பது இரண்டிலும் தெரிகிறது.

டிரைவர்கள் பக்கம் பேசுகிறேன் என்பதற்காக எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவள் இல்லை நான். வண்டியை வேறொருவர் கையில் கொடுப்பது கூடவே கூடாது, அஞ்சு நிமிடத்துக்குக்கூட. இடைவேளையில் வேறொரு ஆப்பில் ஆர்டர் எடுத்து எங்கள் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது கூடாது. நண்பர் வீடு மாற்றுகிறார் என்று பீரோவை ஏற்றியவர் எங்களிடமே இருந்தார். பின்னால் பார்சல்கள் இருக்கும்போதே ஏற்றினார். பீரோ நகர்ந்து கண்ணாடிச் சாமான் இருந்த பெட்டிகளை நசுக்கியது. அன்று எட்டுப் பேருக்கு நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அந்த டிரைவர் மேல் எடுத்த நடவடிக்கையில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பக்கத்து இருக்கையில் ஆளை ஏற்றுவது மனதைச் சங்கடப்படுத்துகிற விஷயம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டில் விட வேண்டும், போகிற வழிதான், நாலு நிமிடம் என்பார்கள். பெற்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சரக்கு வண்டியின் பாலிசியில் அந்தப் பிள்ளைக்கு இடம் இருக்காது. ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பிள்ளையின் காயமும் வரும், கடனும் வரும், வேலையும் போகும். அதற்குப் பதிலாக அந்த டிரைவரின் ரூட்டையோ நேரத்தையோ மாற்றித் தர முடியுமா என்று பார்ப்பேன். பெரும்பாலும் முடியும். கேட்கத்தான் அவர்களுக்குப் பயம்.

கண்காணிப்பு பற்றி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பிரான்சில் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கிற சிஎன்ஐஎல் என்ற ஆணையம், வேலை நேரம் முடிந்த பிறகும் இடைவேளையிலும் வண்டியின் இருப்பிடக் கருவியை ஊழியர் அணைத்து வைக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. அடிக்கடியோ ரொம்ப நேரமோ அணைத்தால் முதலாளி விளக்கம் கேட்கலாம் என்றும் சொல்கிறது. எங்கள் மேலாளரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: "வண்டி நிறையச் சரக்கு இருக்கும்போது அணைச்சுட்டா, திருட்டுப் போனா எப்படித் தேடறது?" அதனால் நான் கேட்பது இதுதான். கருவி ஓடட்டும், பதிவு இருக்கட்டும். ஆனால் டிரைவர் இடைவேளை என்று பொத்தானை அழுத்தியதும் அந்த வண்டி என் திரையிலிருந்து மறைய வேண்டும், மாலை அறிக்கையிலும் அந்த நேரம் வரக் கூடாது. திருட்டோ விபத்தோ நடந்தால் மட்டும் அந்தப் பதிவைத் திறக்கலாம். தன் அரை மணி நேரத்தை ஒருவர் எங்கே கழித்தார் என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

சுற்றறிக்கைக்குப் பதிலாக வைக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த வரைவு ஒரு பக்கம்தான். இடைவேளையில் ரூட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை சாப்பிட, கழிவறைக்கு, மருந்து வாங்க, வங்கி வேலைக்கு வண்டியில் போகலாம். யாரும் காரணம் கேட்கக் கூடாது. அதற்கு மேல் போக வேண்டுமானால் டெப்போவுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும், அந்தச் செய்திக்கு வரும் பதிலே எழுத்துப்பூர்வ அனுமதி. வண்டியில் வேறு ஆள் கூடாது, வேறு சரக்கு கூடாது, இறங்கினால் பூட்ட வேண்டும். போய்வரும் ஓட்டத்துக்கான நேரத்தை இடைவேளைக் கணக்கிலிருந்து பிடிக்கக் கூடாது. இவ்வளவு தூரத்துக்குள் நடக்கிற பயணத்தை நிறுவனம் வேலையைச் சேர்ந்ததாகவே ஏற்றுக்கொள்கிறது என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

முதல் எதிர்ப்பு டீசலிலிருந்து வந்தது. மூன்று கிலோமீட்டர் போய்வந்தால் ஆறு. எங்கள் வேன் லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டு கொடுக்கிறது. அரை லிட்டர் சொச்சம், அதுவும் எல்லாரும் எல்லா நாளும் கடைசி மீட்டர் வரை போனால். நிழலில்லாத இடத்தில் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தாலும் டீசல் எரியத்தானே செய்கிறது? இதைச் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அடுத்தது, மூன்று கொடுத்தால் பத்து எடுப்பார்கள் என்பது. எடுக்கிற ஒருவர் இரண்டு பேர் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இப்போதைய விதியில் மூன்று கிலோமீட்டர் போனவரும் முப்பது கிலோமீட்டர் போனவரும் ஒரே குற்றவாளி. அளவு என்று ஒன்று எழுதியிருந்தால்தான் அளவு மீறியவரைத் தனியாகப் பிடிக்க முடியும். இல்லாவிட்டால் எல்லாருமே எப்போதும் விதியை மீறிக்கொண்டிருப்பார்கள். மேலிடத்துக்குப் பிடிக்காதவரை அனுப்ப வேண்டிய நாளில் மட்டும் அந்த விதி அலமாரியிலிருந்து வெளியே வரும். நான் முன்பு இருந்த இடத்தில் அதைத்தான் பார்த்தேன்.

மேலாளர் தூரத்தை ஒத்துக்கொண்டிருக்கிறார், மூன்றை இரண்டாகக் குறைத்து. செய்தி அனுப்பி அனுமதி வாங்குவதையும் ஒத்துக்கொண்டார். திரையிலிருந்து மறைக்கும் பொத்தானை மென்பொருள்காரர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கடைசி வரியை மட்டும், காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ பதில் வராமல் போட முடியாது என்கிறார். அது சரிதான். பாலிசி அனுமதிக்காத ஒன்றை நாங்களாகத் தாளில் எழுதினால் டிரைவருக்குப் பொய்யான தைரியம் கொடுத்ததாகிவிடும். அதனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு நானே கடிதம் எழுதினேன். பயன்பாட்டு வரம்பில் இடைவேளைப் பயணம் அடங்குமா, அடங்காவிட்டால் சேர்க்க என்ன செய்ய வேண்டும், கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். பதில் வரும் வரை எங்கள் டிரைவர்களிடம் சொல்லி வைத்திருப்பது இது: ரூட்டை விட்டு எங்கே போவதானாலும் போவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள், நான் சரி என்று பதில் போடுகிறேன், அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். ஹில்டன் வழக்கைப் படித்தவள் என்ற முறையில், என் பதில் அவர்களை முழுதாகக் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும், அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் கேட்டுவிட்டுத்தான் போனார் என்பதற்கு ஒரு சாட்சியாவது அவர்கள் கையில் இருக்கும்.

வேறு டெப்போக்களில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் பாலிசியின் பயன்பாட்டு வரம்புப் பக்கத்தைக் கேட்டு வாங்கி வண்டியில் ஒரு நகல் வையுங்கள். இடைவேளையைப் பற்றி உங்கள் நிறுவனத்தில் ஏதாவது எழுத்தில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். எங்கள் வரைவை மறுபடி எடுத்துக்கொண்டு போய் உட்காரும்போது காட்ட எனக்கு உதாரணங்கள் வேண்டும்.